கோர்ட்டு ஏன் இழுக்குது? லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டி கோர்ட்ட வச்சு ஒரு எளிய விளக்கம்

போன மாசம் லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில இருக்கற ஆர்ட்டீசியா ஊர்ல பயனியர் பூல்வார்டு பக்கம் நாலஞ்சு பேர் உக்காந்து டீ குடிச்சிட்டு இருந்தோம், பேச்சு எப்படியோ கோர்ட்டு பக்கம் திரும்பிடுச்சு. "இன்னும் நூறு ஜட்ஜ் போட்டா எல்லாம் சரியாயிடும்"னு ஒருத்தர். "எல்லாத்தையும் ஆன்லைன்ல ஏத்திட்டா முடிஞ்சது"ன்னு இன்னொருத்தர். "கவுண்டி சூப்பர்வைசருக்கு ஓட்டு போடுறோம்ல, கோர்ட்ட நடத்துறவங்க அவங்கதான, அவங்கள கேளுங்க"ன்னு மூணாவது ஆளு (கவுண்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரி, அத நடத்த ஓட்டுப் போட்டு அனுப்புறவங்கதான் சூப்பர்வைசர்). மூணு பேரும் படிச்சவங்க, நல்ல வேலையில இருக்கறவங்க. ஆனா மூணுலயும் கோளாறு இருக்கு, அது அவங்க தப்பும் இல்ல, ஏன்னா கோர்ட்டு உள்ள எப்படி ஓடுதுன்னு நமக்கு யாரும் உக்கார வச்சு சொன்னதில்ல. அதுக்குத்தான் இத எழுதுறேன்.

பொதுவா கோர்ட்டு சீர்திருத்தம்னு பேசும்போது ரெண்டு விஷயத்த தனித்தனியா வச்சுப் பேசுவாங்க. ஒண்ணு, ஜனங்க கோர்ட்ட அணுக முடியுதா, அதாவது வக்கீல் வைக்க காசில்லாதவங்க, இங்கிலீஷ் தெரியாதவங்க, கார் இல்லாதவங்க இவங்களுக்கெல்லாம் கதவு தொறந்திருக்கா. இன்னொண்ணு, உள்ள நிர்வாகம் ஒழுங்கா ஓடுதா, கேஸ் சீக்கிரம் முடியுதா. முதல்ல சொன்னத தர்ம காரியம் மாதிரியும் ரெண்டாவத மேனேஜ்மென்ட் மாதிரியும் பாக்குறது வழக்கம். எனக்கு என்ன தோணுதுன்னா ரெண்டும் ஒரே விஷயம்தான். வாசல்ல ஒருத்தர் தடுமாறினா உள்ள வரிசை நிக்கும், ஏன்னு போகப் போக சொல்றேன்.

## முதல்ல, இது யாரோட கோர்ட்டு?

லாஸ் ஏஞ்சலிஸ் கவுண்டியில கிட்டத்தட்ட 1 கோடி பேர் இருக்காங்க, 88 ஊருங்க, 4,000 சதுர மைலுக்கு மேல பரப்பு. இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு விசாரணை கோர்ட்டு அமைப்புதான், பேரு சுப்பீரியர் கோர்ட்டு. அமெரிக்காவுலயே பெரிய விசாரணை கோர்ட்டு இதுதான். 36 கட்டடம், ஐநூறுக்கு மேல நீதிபதிகளும் சில வகை கேஸ அவங்களப் போலவே விசாரிக்கற கமிஷனர்களும், வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல புது கேஸு. டிராஃபிக் டிக்கெட்ல இருந்து கொலை கேஸ் வரைக்கும், விவாகரத்து, குழந்தை யாருகிட்ட இருக்கணும், வாடகை வீட்ட காலி பண்ணச் சொல்றது, சொத்து, கம்பெனிகளுக்குள்ள சண்டை எல்லாமே இங்கதான். இமிக்ரேஷன் கேஸ் இங்க வராது, அது மத்திய அரசோட தனி அமைப்பு. நம்மாளுங்க நெறைய பேர் இது ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறாங்க.

பேருல கவுண்டி இருக்கே தவிர இத நடத்துறது கவுண்டி இல்ல. 1997ல வந்த ஒரு சட்டத்துக்கு அப்புறம் விசாரணை கோர்ட்டுகளுக்குப் பணம் குடுக்கறது கலிஃபோர்னியா மாநிலம், 2002 சட்டத்துக்கப்புறம் கட்டடப் பொறுப்பும் படிப்படியா மாநிலத்துக்குப் போச்சு. விதிமுறையும் ஃபாரமும் போடுறது மாநிலத்தோட ஜுடிஷியல் கவுன்சில், அதுக்கு தலைவர் மாநில உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. இங்க உள்ளூர்ல அன்றாட நிர்வாகத்தப் பாக்குறது நீதிபதிகளே தங்களுக்குள்ள ரெண்டு வருஷத்துக்கு ஒருத்தரத் தேர்ந்தெடுக்குற தலைமை நீதிபதியும், அவருக்குக் கீழ ஒரு நிர்வாக அதிகாரியும். அரசு வக்கீல், இலவசமா கிரிமினல் கேஸ்ல வாதாடுற பப்ளிக் டிஃபெண்டர், ஜெயில நடத்துற ஷெரிஃப் இவங்க கவுண்டி ஆளுங்க. ஆக ஒரு கைதிய நேரத்துக்கு பஸ்ல கொண்டு வந்து இறக்கலன்னா கோர்ட்டு காத்துக் கெடக்கணும், அந்த பஸ்ஸு கோர்ட்டு கையில இல்ல.

இதுவரைக்கும் வந்தது: ஒரே கோர்ட்டு, மாநிலத்துப் பணம், கவுண்டி எல்லை, நீதிபதிகளோட நிர்வாகம், கூடவே தங்களோட கட்டுப்பாட்டுல இல்லாத நாலஞ்சு துறைய நம்பி ஓடுற வேலை.

## பந்திக் கணக்கு

இப்ப உள்ள என்ன நடக்குதுன்னு பாக்க ஒரு கல்யாண வீட்ட நெனச்சுக்குங்க. பந்தி ஹால்ல ஒரு தடவைக்கு 100 பேர் உக்காரலாம். எல வந்தாச்சு, தண்ணி தெளிச்சாச்சு, சாதம் போடப்போற நேரத்துல முப்பது பேர் "மாமா இன்னும் வரல, அடுத்த பந்தியில உக்கார்றோம்"னு எழுந்து போயிடறாங்க. அந்த எலையில வேற ஆளையும் உடனே உக்கார வைக்க முடியாது, இவங்க அடுத்த பந்தியிலயும் இடத்த அடைப்பாங்க. வெளிய நிக்கறவங்களுக்கு ஹால் சின்னதுன்னு தோணும். ஹால் சரியான அளவுதான், எல வீணாப் போகுது.

கோர்ட்டுல அந்த எலைக்குப் பேரு விசாரணை நேரம், எழுந்து போறதுக்குப் பேரு வாய்தா. வாய்தான்னா இன்னிக்கு நடக்க வேண்டிய விசாரணைய இன்னொரு தேதிக்குத் தள்ளி வைக்கறது, நம்ம ஊர்ல சின்னப் பிள்ளைக்கும் தெரிஞ்ச வார்த்தை. இங்கயும் அதேதான் நடக்குது, ஏன் நடக்குதுன்னு பாத்தா காரணம் ரொம்ப சாதாரணமா இருக்கும். எதிர்த் தரப்புக்கு பேப்பர் போய்ச் சேரல, தப்பான ஃபாரம் போட்டுட்டாங்க, மொழிபெயர்ப்பாளர் வரல, சாட்சிக்கு லீவு கெடைக்கல, வக்கீலுக்கு அதே நேரத்துல இன்னொரு கோர்ட்டுல கேஸு.

ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம், நம்பர் சும்மா உதாரணத்துக்கு நானா போடுறது. ஒரு கோர்ட்டுல ஒரு நாளைக்கு 100 விசாரணை நடத்த முடியும்னு வைங்க. ஒரு கேஸு முடிய 3 தடவை கூப்பிட்டாப் போதும்னா ஒரு நாள் உழைப்புல 33 கேஸ் முடிஞ்ச கணக்கு. வாய்தா சேர்ந்து அதே கேஸுக்கு 5 தடவை கூப்பிட வேண்டி வந்தா 20தான். ஜட்ஜு அதே, கட்டடம் அதே, சம்பளம் அதே. அந்த 33ஐ எட்டணும்னா 165 விசாரணை நடத்தணும், அதாவது ஜட்ஜ் எண்ணிக்கைய 65 சதவீதம் கூட்டணும். டீக்கடையில "நூறு ஜட்ஜ் போடுங்க"ன்னாரே, அவருக்கு நான் சொன்னது இதத்தான். ஜட்ஜ் வேணாம்னு சொல்லல, நிச்சயமா வேணும், ஆனா ஏற்கெனவே இருக்கற எலைய வீணாக்காம இருந்தா பாதிப் பிரச்சினை அங்கயே கொறையும்.

இன்னொரு சங்கதி, இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. தேதி உறுதியா இருந்தாத்தான் சமரசம் வரும். சிவில் கேஸுல பெரும்பாலானது முழு விசாரணை வரைக்கும் போறதே இல்ல, பேசி முடிச்சுக்குவாங்க. எப்பப் பேசுவாங்கன்னா, நாளைக்குக் காலையில 8:30க்கு கண்டிப்பா ஜூரி (தீர்ப்பு சொல்ல உக்கார்ற சாதாரண ஜனங்க) உக்காரப் போகுதுன்னு தெரிஞ்சா இன்னிக்கு சாயங்காலம் பேசுவாங்க. எப்படியும் தள்ளிப் போகும்னு வக்கீலுக்குத் தெரிஞ்சா அவர் தயாரும் ஆக மாட்டார், சமரசத்துக்கும் வர மாட்டார். ஆக ஒரு வாய்தா குடுத்தா அடுத்த வாய்தாவுக்கு அதுவே விதை போட்ட மாதிரி. கோர்ட்டு நிர்வாகத்த அளக்குறவங்க இத தேதி உறுதின்னு தனி அளவாவே வச்சிருக்காங்க, அதாவது ஒரு கேஸுக்கு எத்தன தடவ விசாரணைத் தேதி மாத்தி மாத்திக் குறிச்சாங்கன்னு எண்ணுறது.

## தொட்டித் தண்ணி

வேலை நல்லா நடக்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? அமெரிக்காவுல மாநில கோர்ட்டுகளுக்கான தேசிய மையம்னு ஒண்ணு இருக்கு, வர்ஜீனியாவுல, அவங்க 2005 வாக்குல கோர்ட்டூல்ஸ்னு 10 அளவுகோல் வெளியிட்டாங்க. பத்தையும் இங்க சொல்லப் போறதில்ல, ரெண்டு போதும்.

முதல் அளவு தீர்வு விகிதம். உள்ள வந்த கேஸுக்கு வெளிய போன கேஸ் எவ்வளவுங்கறது. தண்ணித் தொட்டிதான் இதுக்குச் சரியான உவமை, மேல குழாய் தொறந்திருக்கு, கீழ ஒரு குழாய் இருக்கு. மாசம் 1,000 கேஸு வந்து 950 முடிஞ்சா 95 சதவீதம். கேக்க பாஸ் மார்க்குக்கு மேல இருக்கற மாதிரி இருக்கும், ஆனா மாசம் 50 கேஸு தொட்டியில தங்குது, ரெண்டு வருஷத்துல 1,200. 100 சதவீதம்னாகூட மட்டம் ஏறாம நிக்குது, அவ்வளவுதான். ஏற்கெனவே நெறைஞ்சு வழியற தொட்டி எறங்கணும்னா 100க்கு மேல போகணும். பேப்பர்ல "கோர்ட்டு 98 சதவீதம் முடிச்சிருக்கு"ன்னு பெருமையா போட்டா இத ஞாபகம் வச்சுக்குங்க.

ஆனா இந்த ஒரு நம்பர மட்டும் நம்பினா ஏமாறுவோம். சுலபமான டிராஃபிக் கேஸ ஆயிரம் முடிச்சுட்டு குழந்தைக் காவல் கேஸ அப்படியே போட்டு வச்சாலும் விகிதம் அழகா வரும். அதுக்குத்தான் ரெண்டாவது அளவு, நிலுவை வயசு. இன்னும் முடியாம கெடக்குற கேஸு ஒவ்வொண்ணும் எத்தன மாசமா கெடக்குதுன்னு பாக்குறது. கலிஃபோர்னியாவுல 1986லயே தாமதத்தக் கொறைக்கணும்னு சட்டம் போட்டு, பெரிய தொகை சிவில் கேஸுல 75 சதவீதம் 12 மாசத்துக்குள்ள, 85 சதவீதம் 18 மாசத்துக்குள்ள, எல்லாமே 24 மாசத்துக்குள்ள முடியணும்னு இலக்கு வச்சாங்க. இலக்கு வேற, நடப்பு வேற, இருந்தாலும் இப்படி ஒரு கோடு போட்டு வச்சதாலதான் ஜட்ஜு "ஏன் இந்த கேஸ் இன்னும் இங்க இருக்கு"ன்னு தானே கேக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி வக்கீலுங்க எப்ப ரெடியோ அப்பத்தான் கேஸு நகரும்.

சுருக்கமா: வாய்தா கூடினா கீழ் குழாய் சின்னதாகும், தொட்டி மட்டம் ஏறும், அடியில கெடக்குற கேஸுக்கு வயசு கூடும்.

## வாசல்ல நிக்கற அக்கா

இப்ப வாசலுக்கு வருவோம். எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா, ஊரும் பேரும் வேண்டாம், ரெண்டு பசங்களோட ஒரு அபார்ட்மென்ட்ல இருந்தாங்க. ஒரு நாள் ராத்திரி போன் பண்ணி "தம்பி, கதவுல ஏதோ கோர்ட்டு பேப்பர் ஒட்டியிருக்காங்க, கொஞ்சம் வந்து பாருப்பா"ன்னாங்க. போனேன். சமையல் மேடை மேல மஞ்சத்தூள் டப்பாவுக்குப் பக்கத்துல அந்தக் கட்ட விரிச்சு வச்சிருந்தாங்க. வீட்ட காலி பண்ணச் சொல்ற வழக்கு. அக்கா நாலு நாளா அத எடுத்துப் பாத்துட்டு பயந்து திரும்ப மடிச்சு வச்சிருக்காங்க, யாருகிட்டயும் சொல்லல.

காலி பண்ணச் சொல்ற கேஸுல பதில் போட ரொம்பக் கம்மியான நாள்தான். 2024 கடைசி வரைக்கும் 5 கோர்ட்டு நாள், 2025 ஜனவரியில இருந்து 10. கோர்ட்டு நாள்னா சனி ஞாயிறும் கோர்ட்டு லீவும் கழிச்சு எண்றது. அதுக்குள்ள பதில் போடலன்னா வீட்டுக்காரர் டிஃபால்ட் கேக்கலாம், நம்ம ஊர்ல எக்ஸ்பார்ட்டி தீர்ப்புன்னு சொல்வோமே அதான், எதிர்த் தரப்பு வராததால ஒரு பக்கத்த மட்டும் பாத்து குடுக்கற தீர்ப்பு. அதுக்கப்புறம் ஷெரிஃப் வந்து நோட்டீஸ் ஒட்டுவார், பூட்டு மாத்துவாங்க.

பதில் போடுற ஃபாரம் யூடி-105. பல பக்கம், பூரா கட்டம். அதுல ஒரு எடத்துல, மனுவுல இருக்கறது எல்லாத்தையும் மறுக்கறீங்களா, இல்ல சிலத மட்டும் மறுக்கறீங்களான்னு கேக்கும், எல்லாத்தையும் மறுக்கறதுக்கும் மனுவுல கேட்டிருக்கற தொகை எவ்வளவுங்கறதப் பொறுத்து ஒரு நிபந்தனை இருக்கு. அக்கா அந்த எடத்துல பேனாவ வச்சுட்டு என்னப் பாத்தாங்க. நான் எம்.சி.ஏ. படிச்சவன், எனக்கே மூணு தடவ படிச்சாத்தான் புரிஞ்சுது. கட்டணம் கட்ட முடியாதவங்களுக்கு தள்ளுபடி உண்டு, அதுக்குத் தனி ஃபாரம், எஃப்டபிள்யூ-001. அப்படி ஒண்ணு இருக்குன்னே அக்காவுக்குத் தெரியாது, கட்டணத்த நெனச்சே அவங்க பாதி சோர்ந்து போயிட்டாங்க.

மறுநாள் கோர்ட்டு சுய உதவி மையத்துக்கு அக்காவக் கூட்டிட்டுப் போனேன். வக்கீல் இல்லாம தானே வழக்க நடத்துறவங்களுக்கு இலவசமா உதவுற எடம். இங்க ஒரு விஷயத்தப் புரிஞ்சுக்கணும், பலபேர் கோவப்படுறது இதனாலதான். கோர்ட்டு ஊழியர் சட்டத் தகவல் சொல்லலாம், சட்ட ஆலோசனை சொல்லக் கூடாது. "பதில் போட இந்த ஃபாரம், கடைசி நாள் இது, இந்தக் கட்டத்துக்கு அர்த்தம் இது"ன்னா தகவல். "நீங்க இந்தக் கட்டத்த டிக் பண்ணுங்க, அதான் உங்களுக்கு நல்லது"ன்னா ஆலோசனை. கோர்ட்டு ரெண்டு பக்கத்துக்கும் பொது, ஒரு பக்கத்துக்கு மட்டும் வழி சொல்லிக் குடுத்தா நடுநிலை போயிடும். அவங்க கை கட்டியிருக்கறது நமக்குத் தெரியாததால "பதிலே சொல்ல மாட்டேங்குறாங்க"ன்னு திட்டுறோம்.

இந்த மையங்கள்ல உக்கார்ற ஆளுங்கள்ல காலேஜ் பசங்களும் உண்டு. ஜஸ்டிஸ்கார்ப்ஸ்னு ஒரு திட்டம், 2004ல லாஸ் ஏஞ்சலிஸ்லதான் ஆரம்பிச்சது, பசங்களுக்குப் பயிற்சி குடுத்து மையத்துல உக்கார வைப்பாங்க, அப்புறம் மத்த கவுண்டிக்கும் பரவுச்சு. அக்காவுக்கு உதவினதும் ஒரு சின்னப் பொண்ணுதான், பொறுமையா ஒவ்வொரு கட்டமா என்ன கேக்குதுன்னு சொன்னா. ஒரு மணி நேரம் ஆச்சு.

இப்ப பந்திக் கணக்குக்குத் திரும்ப வாங்க. அந்த ஒரு மணி நேரம் கெடைக்காம இருந்தா என்னாகும்? ஒண்ணு, அக்கா பதிலே போட மாட்டாங்க, டிஃபால்ட் ஆகும், வீட்டுக்கு ஷெரிஃப் வர்றப்பதான் விழிப்பாங்க, அப்புறம் அந்தத் தீர்ப்ப ரத்து பண்ணச் சொல்லி அவசர மனு, அதுக்கொரு விசாரணை. இல்ல தப்பா போடுவாங்க, கவுண்ட்டர்ல திருப்பி அனுப்புவாங்க, ரெண்டாவது தடவ வருவாங்க. எப்படிப் பாத்தாலும் கோர்ட்டுக்குக் கூடுதலா ரெண்டு எல. வாசல்ல ஒரு ஸ்டூடன்ட் செலவழிச்ச ஒரு மணி நேரம் உள்ள ஒரு ஜட்ஜு, ஒரு கிளார்க்கு, ஒரு காவலர், எதிர்த் தரப்பு வக்கீல் இத்தன பேரோட நேரத்த மிச்சம் பண்ணுது. இத தானம்னு நான் சொல்லவே மாட்டேன்.

## மொழி தெரியலன்னா

கிரிமினல் கேஸுல மொழிபெயர்ப்பாளர் எப்பவோ உரிமையாயிடுச்சு. சிவில்ல அப்படி இல்ல, பல வருஷம் "உங்க சொந்தக்காரர யாரயாவது கூட்டிட்டு வாங்க"ன்னு சொல்ற நெலமைதான் இருந்துச்சு. விவாகரத்து கேஸுல எட்டாவது படிக்கிற பையன் அப்பா சொல்றத அம்மா முன்னாடி நின்னு மொழிபெயர்க்கறத நெனச்சுப் பாருங்க. 2015 ஜனவரியில இருந்து சிவில் கேஸுக்கும் கோர்ட்டே செலவு ஏத்துக்கிட்டு ஆள் குடுக்கலாம்னு மாநில சட்டம் வந்துச்சு, பணம் பத்தாத எடத்துல யாருக்கு முதல்லன்னு வரிசையும் போட்டாங்க, குடும்ப வன்முறை கேஸ் முதல்ல, அதுக்கடுத்து வீடு காலி பண்ற கேஸ், அப்படிப் போகும்.

ஸ்பானிஷ், கொரியன், ஆர்மீனியன், பஞ்சாபி மாதிரி மொழிகளுக்கு சான்றிதழ் பரீட்சை உண்டு. தமிழ் அந்தப் பட்டியல்ல இல்ல, தமிழுக்கு இருக்கறது பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளர்னு இன்னொரு வகை, ஆளும் கம்மி. அதனால முன்கூட்டியே கேக்கணும். அக்கா கேஸுல இதத்தான் நாங்க கோட்டை விட்டோம். கவுண்ட்டர்ல வாய் வார்த்தையா சொன்னோம், எழுத்துல குடுக்கல, அங்கயும் யாரும் குறிச்சுக்கல போல. அன்னிக்கு அக்கா காலையில பசங்கள பக்கத்து வீட்டுல விட்டுட்டு வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து உக்காந்திருந்தாங்க, பேரக் கூப்பிட்டதும் எழுந்து நின்னாங்க, தமிழுக்கு ஆள் இல்லன்னு தெரிஞ்சுது, ஜட்ஜு கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு "அடுத்த வாரம்"னார். ரெண்டே நிமிஷம். அக்கா வெளிய வந்து "என்னப்பா, முடிஞ்சிருச்சா?"ன்னு கேட்டாங்க.

அது அக்காவுக்கு ஒரு நாள் சம்பளம். கோர்ட்டுக்கு ஒரு எல.

## 2013ல என்ன நடந்துச்சு

2008க்கு அப்புறம் மாநிலத்துல பணத் தட்டுப்பாடு, கோர்ட்டுக்கும் வெட்டு விழுந்துச்சு. லாஸ் ஏஞ்சலிஸ் கோர்ட்டு 2013ல 8 கட்டடத்த மூடுச்சு, 500க்கு மேல வேலை போச்சு. மிச்சம் பிடிக்க ஒரு முறையக் கொண்டு வந்தாங்க, ஒரே மாதிரி கேஸ எல்லாம் சில எடத்துல மட்டும் குவிக்கறது, ஹப்புன்னு பேரு. வீடு காலி பண்ற கேஸ் கவுண்டி முழுக்க வெறும் 5 எடத்துக்குச் சுருங்குச்சு.

நிர்வாகக் கண்ணோட அதுல நியாயம் இருக்கு. ஒரே மாதிரி வேலைய ஒரே எடத்துல செஞ்சா கை பழகும், ஊழியர் கம்மியா போதும். ஆனா 4,000 சதுர மைல் கவுண்டியில அஞ்சே எடம்னா பஸ்ஸ நம்புற ஒருத்தருக்கு என்ன அர்த்தம்னு யோசிங்க. ரெண்டு மூணு பஸ் மாறி, எட்டரைக்கு அங்க இருக்கணும்னா அஞ்சரைக்குக் கெளம்பணும், குழந்தைய யாருகிட்ட விடுறது? ஒரு பஸ் தவறுனா டிஃபால்ட். இலவச சட்ட உதவி அமைப்புகள் இத எதிர்த்து வழக்கே போட்டாங்க. கோர்ட்டோட செலவு ஒரு பக்கம் கொறைஞ்சப்ப அந்தச் செலவு பஸ் கட்டணமாவும் போன சம்பளமாவும் ஜனங்க தலையில எறங்குச்சு, எந்த பட்ஜெட் பேப்பர்லயும் அது வராது. எனக்கு இதுல இன்னமும் கோவம் உண்டு.

## ஆன்லைன் எவ்வளவு தூரம் தூக்கும்?

கொஞ்சம் இல்ல, நெறையவே தூக்கும். 2019 ஜனவரியில இருந்து பெரிய தொகை சிவில் கேஸுல வக்கீலுங்க கட்டாயம் ஆன்லைன்லதான் தாக்கல் பண்ணணும், வக்கீல் இல்லாதவங்க பேப்பராவே குடுக்கலாம். அந்த விலக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா எல்லார் வீட்டுலயும் ஸ்கேனர் கெடையாது. 2020ல கோவிட் வந்தப்ப வீட்டுல இருந்தே வீடியோவுல ஆஜராக ஒரு வசதி கொண்டு வந்தாங்க, லான்காஸ்டர்ல இருக்கற ஒருத்தர் பத்து நிமிஷ விசாரணைக்காக டவுன்டவுனுக்கு 70 மைல் ஓட்ட வேண்டியதில்ல. வேலைக்கு நடுவுல பிரேக் ரூம்ல இருந்து ஆஜரானவங்களப் பாத்திருக்கேன். இந்த அனுமதி நிரந்தரம் இல்ல, சட்டசபை காலக்கெடு வச்சு நீட்டிச்சு நீட்டிச்சுத்தான் வச்சிருக்கு.

ஆனா ஆன்லைன்ங்கறது குழாய், தண்ணி இல்ல. புரியாத ஃபாரத்த வெப்சைட்ல ஏத்துனா அது புரியாத வெப்சைட்டு. அப்புறம், எல்லாம் ஒரே கம்பியில தொங்கறப்ப கம்பி அறுந்தா என்ன ஆகும்ங்கறதுக்கு 2024 ஜூலை 19 சாட்சி. அன்னிக்கு விடியற்காலை ரான்சம்வேர் தாக்குதல், அதாவது கம்ப்யூட்டர்ல இருக்கறத எல்லாம் பூட்டி வச்சுட்டு பணம் கேக்குற வைரஸு. வெள்ளிக்கிழமை நடந்துச்சு, சனி ஞாயிறு பூரா சரி பண்ணப் பாத்தாங்க, முடியல, 22ஆம் தேதி திங்கக்கிழமை 36 கட்டடத்தையும் மூடிட்டாங்க. மறுநாள் தொறந்தாங்க, முழுசா சரியாக இன்னும் நாளாச்சு. ஒரு நாள் மூடினா அன்னிக்கு இருந்த அத்தன விசாரணையும் வேற நாளோட எலையில போய் உக்காரும், கணக்கு உங்களுக்கே தெரியும்.

## எழுதி வைக்க ஆள் இல்ல

கடைசியா ஒரு சிக்கல், இது வெளிய அவ்வளவா பேசப்படறதில்ல. கோர்ட்டுல பேசுற ஒவ்வொரு வார்த்தையையும் சுருக்கெழுத்து மெஷின்ல அடிக்கறவர் கோர்ட்டு ரிப்போர்ட்டர். அவர் அடிச்ச பதிவு இருந்தாத்தான் மேல்முறையீட்டுல "ஜட்ஜு இப்படிச் சொன்னார்"னு காட்ட முடியும். இந்த வேலைக்கு ஆளே கெடைக்கல, இருக்கறவங்க ரிட்டையர் ஆயிட்டு இருக்காங்க, புதுசா படிக்க வர்றவங்க கம்மி. சரி டேப்புல பதியலாமேன்னா மாநில சட்டம் சின்ன கேஸுகளுக்கு மட்டும்தான் எலக்ட்ரானிக் பதிவ அனுமதிக்குது, குடும்ப கேஸுக்கும் பெரிய சிவில் கேஸுக்கும் இல்ல. காசு இருக்கறவங்க தனியா ரிப்போர்ட்டர் வச்சுக்கறாங்க. கட்டணத் தள்ளுபடி வாங்குனவங்களுக்கு கோர்ட்டு இலவசமா ஏற்பாடு பண்ணணும்னு மாநில உச்ச நீதிமன்றம் 2018லயே சொல்லிடுச்சு, ஆனா ஆளே இல்லாதப்ப தீர்ப்பு என்ன பண்ணும். லட்சக்கணக்கான விசாரணைங்க எந்தப் பதிவும் இல்லாம முடிஞ்சிருக்கு. அடிச்ச புருஷன்கிட்ட இருந்து பாதுகாப்பு கேட்டு வந்த ஒரு பொண்ணு தோத்துப் போனா, அங்க என்ன பேசுனாங்கங்கறதுக்கு ஆதாரமே கெடையாது.

2024 செப்டம்பர்ல லாஸ் ஏஞ்சலிஸ் கோர்ட்டோட அப்போதைய தலைமை நீதிபதி சமந்தா ஜெஸ்னர் ஒரு உத்தரவு போட்டார், அடிப்படை உரிமை சம்பந்தப்பட்ட விசாரணையில ரிப்போர்ட்டர் கெடைக்கலன்னா, ஜட்ஜுக்குத் தேவைன்னு பட்டா, சில நிபந்தனையோட எலக்ட்ரானிக்கா பதியலாம்னு. ரிப்போர்ட்டர் சங்கங்கள் எதிர்க்கறாங்க, மனுஷ காது பிடிக்கறத மைக் பிடிக்காதுன்னு அவங்க சொல்றதுலயும் உண்மை இருக்கு. ஆனா எதுவுமே இல்லாததுக்கு மைக் மேல், என் கருத்து இதுதான்.

## உங்க வீட்டுக்கு வர்ற சம்மன்

இந்த வரிசையில நாமளும் ஒரு கண்ணி, அதையும் சொல்லிடறேன். ஜூரி சம்மன் வரும். முன்னாடி நாள் கணக்குல உக்கார வச்சிருந்தாங்க, இப்ப ஒரு நாள் இல்லாட்டி ஒரு கேஸு, ஒரு நாள் போய் எந்த கேஸுக்கும் எடுக்கலன்னா அந்த வருஷத்துக் கடமை முடிஞ்சுது. ரெண்டாவது நாள்ல இருந்து 15 டாலர், பெருசா ஒண்ணும் இல்ல. ஆனா ஜூரி பத்தலன்னா தேதி உறுதி போச்சு, வாய்தா.

கிரீன் கார்டுல இருக்கறவங்களுக்கும் சம்மன் வர்றதுண்டு, ஏன்னா பேரு டிரைவிங் லைசென்ஸ் பட்டியல்ல இருந்தும் எடுக்கறாங்க. "நமக்கு ஓட்டே இல்ல, எதுக்கு"ன்னு குப்பையில போடாதீங்க, பதில் போடலன்னா 1,500 டாலர் வரைக்கும் அபராதம் விதிக்கலாம். அதுக்காக போய் உக்காரவும் கூடாது, சிட்டிசன்னு தெரியாம சொல்லிட்டாலே பின்னால பெரிய வம்பு. நீங்க சிட்டிசனா இல்லையான்னு ஒரு கேள்வி அதுலயே இருக்கும், இல்லன்னு குறிச்சு, சம்மன்ல சொல்லியிருக்கற நாளுக்குள்ள அனுப்பிடுங்க, ஒரு காப்பி எடுத்து உங்க இமிக்ரேஷன் பேப்பரோட வச்சுக்குங்க.